மலைநாட்டு ஹண நாரும் மார்புக் கவசமும்

கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்கள் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டிக்கொள்வதைத் தோட்டப் பகுதியில் அறியாதார் இலர். முன்னாளில் அது சணற் சாக்காக இருந்தது. இந்நாளில் பெரும்பாலும் பொலித்தீனாக மாறிவிட்டது. கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் முனைகள் சேலையையும் தோலையும் கிழித்துவிடாமற் காப்பதே அதன் பயன். மெல்லிய சேலைத் துணி தாங்கமாட்டாத குத்தைச் சாக்கு தாங்குகின்றது. முனை ஓரிடத்தில் அழுத்தும்போது, நெருக்கமாகப் பின்னிய இழைகள் அவ்வழுத்தத்தைத் தாமே ஏற்றுப் பக்கத்து இழைகளுக்கும் பகிர்ந்துவிடுகின்றன. அதனாற் குத்து ஆழமாக இறங்குவதில்லை.

போர்வீரரும் பொலிசாரும் அணியும் மார்புக் கவசத்திலும் இதே நியதிதான் தொழிற்படுகின்றது. அங்கே வந்து குத்துவது தேயிலைக் கொம்பன்று, துப்பாக்கிச் சன்னம். அந்தக் கவசத்தின் ஓர் அடுக்கைத் தாவர நாரினாற் செய்யலாம் எனப் பிற நாட்டு ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். இச்செய்தியைப் பத்திரிகைகளிலும் கைத்தொலைபேசியிலும் கண்ட இளைஞர் சிலர், "எங்கள் பக்கத்து ஹணச் செடியின் நாரும் இதற்கு உதவுமா? தரிசு நிலத்திலே நட்டாற் காசு காணலாமா?" எனப் போதனாசிரியர்களை வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை கூறுதற்காகவே இத்துண்டுப்பிரசுரம் எழுதப்பட்டுள்ளது. விடையின் சாரத்தை முதலிலேயே கூறிவிடலாம். நார் உதவும், ஆனால் அத்தொழிலுக்கு வேண்டிய நாரின் அளவு மிகச் சொற்பம். இவ்விரண்டையும் ஒருங்கே அறியாதவர் நிலத்தையும் உழைப்பையும் வீணே இழக்க நேரிடும்.

ஹணச் செடி

சிங்களத்தில் ஹண எனவும், தமிழில் சீமைக் கற்றாழை எனவும் வழங்கும் இச்செடி வெப்பவலய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மொரீசியசுத் தீவிலே பெருமளவிற் பயிரிடப்பட்டமையால் வணிகர் இதனை மொரீசியசுச் சணல் என்பர். உண்மையில் இதற்கும் சணலுக்கும் உறவில்லை. சணல் நார் தண்டின் பட்டையிலிருந்து பெறப்படுவது. ஹண நாரோ இலைக்குள்ளே நீளவாட்டில் ஓடுவது. பச்சை இலை 100 கிலோகிராமிலிருந்து 2 அல்லது 3 கிலோகிராம் உலர்ந்த நாரே கிடைக்கும். எஞ்சியது நீரும் சக்கையுமாம்.

இந்நாரின் அருமையை நம் நாட்டார் அறியாதவரல்லர். கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கிலுள்ள ஹெனவலக் கிராமத்தில், நிலத்தோடு ஒட்டிய தறியில் அமர்ந்து ஹண நாரினாற் பாய்களும் சுவர்த் தொங்கல்களும் நெய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. 'தும்பற ரட்டா கலால' எனப்படும் இக்கைப்பணியை ஐக்கிய நாடுகளின் யுனெசுக்கோ நிறுவனம் 2021 ஆம் ஆண்டிலே மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. இலையைப் பலகைமேல் வைத்துச் சுரண்டி, நாரைக் கழுவி, உலர்த்தி, சீவி, இழையாக முறுக்கும் அவர்களது வேலையை ஒருமுறை நேரிற் பார்ப்பது, நார்த்தொழிலில் இறங்க விரும்பும் இளைஞருக்குப் பல புத்தகங்களைப் படிப்பதற்கு ஈடாகும்.

கவசத்தில் நார் நெடுநாளாக உண்டு

தாவர நாரைக் கவசமாக்குதல் புதுமையன்று. பசுபிக் சமுத்திரத்திலுள்ள கிரிபாத்தித் தீவினர், தென்னந் தும்பினாற் கயிறு திரித்து, அக்கயிற்றை நெருக்கமாகப் பின்னி, உடல் முழுவதையும் மூடும் கவசங்களைச் செய்தனர். சுறாப் பற்களைப் பதித்த வாள்களுக்கு எதிராக அவை பயன்பட்டன. 19 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய கவசங்களை ஐரோப்பிய நூதனசாலைகளில் இன்றும் காணலாம். நாம் கயிறும் கால்மிதியும் செய்யும் அதே தும்புதான்.

கொரிய நாட்டிலே 1860 களில், அந்நியரின் துப்பாக்கிகளுக்கு அஞ்சி, பருத்தித் துணியைப் பல மடிப்பாக அடுக்கித் தைத்த அங்கியொன்றை ஆக்கினர். 1871 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையோடு நிகழ்ந்த போரில் அதனை வீரர் அணிந்தனர். பீரங்கிக் குண்டின் சிதறல்கள் பட்டபோது அது தீப்பற்றியது. கோடை வெயிலில் உள்ளிருப்போர் வெந்தனர். தாவர நார் எரியும் என்பதையும், அடுக்கு மிகுந்தால் உடல் வெப்பம் வெளியேறாது என்பதையும் அவ்வங்கியே முதலிற் கற்பித்தது எனலாம்.

1965 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபொன்ற் நிறுவனத்தைச் சேர்ந்த இரசாயன அறிஞரான ஸ்ரெபனி குவோலெக் அம்மையார், பின்னர் கெவ்லார் எனப் பெயர்பெற்ற செயற்கை நாருக்கு வழிகண்டார். எடைக்கு எடை உருக்கிலும் ஐந்து மடங்கு வலிமையுடையது அது. 1970 களிலிருந்து மார்புக் கவசம் என்றாற் கெவ்லார் என்றே ஆகிவிட்டது. அவ்வாறிருக்க, அதனிலும் பல மடங்கு வலிமை குறைந்த இலைநார் எவ்வாறு அதன் இடத்தில் அமர இயலும்? இந்த இடத்தைத்தான் வாசகர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

சன்னத்தை உடைப்பது ஒன்று, பொறுக்குவது மற்றொன்று

முதலில் அடியின் அளவை அறிவோம். கவசங்களைச் சோதிப்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவகம் வகுத்த முறையே பல நாடுகளிலும் பின்பற்றப்படுகின்றது. நெடுந்துப்பாக்கிச் சன்னத்துக்கான சோதனையில், 9.6 கிராம் எடையுள்ள சன்னம் செக்கனுக்கு ஏறக்குறைய 847 மீற்றர் வேகத்தில் வந்து மோதும். 50 கிலோகிராம் தேயிலை மூட்டையை 7 மீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டால் நிலத்தில் எவ்வளவு சத்தி இறங்குமோ, அவ்வளவும் ஒரு விரல்நுனிப் பரப்பிலே, கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த பொழுதில் இறங்குகின்றது. கவசத்தின் பின்னே களிமண் போன்ற மெழுகுச் சாந்து வைக்கப்பட்டிருக்கும். சன்னம் ஊடுருவாமல் நின்றாற் போதாது; அச்சாந்தில் விழும் குழி 44 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. மேற்பட்டால், துளையில்லாமலே விலா எலும்பும் உள்ளுறுப்பும் சிதையும் என்பது கருத்து.

இத்தகைய அடியை எந்த நார் அடுக்கும் தனித்துத் தாங்குதல் அரிது. 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள நார்த்தகடொன்று தனியே நின்றால், சன்னத்தின் சத்தியிற் சிறு பங்கையே உறிஞ்சிக்கொண்டு மிகுதியைப் பின்னே விட்டுவிடும். ஆகையால் நெடுந்துப்பாக்கிக்கான கவசத்தை மூன்று அடுக்காகச் செய்வதுண்டு. முன்னே அலுமினியம் ஒட்சைட்டினாற் சுட்ட கடினமான ஓடு, நடுவே நார்த்தகடு, பின்னே மெல்லிய அலுமினியத் தகடு. வேகமாக வரும் சன்னத்தின் முனையை ஓடு நொறுக்குகின்றது, தானும் நொறுங்குகின்றது. சன்னத்தின் சத்தியிற் பெரும்பங்கு இங்கேயே செலவாகின்றது. பின்பு உட்புகுவது முழுச் சன்னமன்று. ஓட்டுத் தூளும் உலோகச் சில்லுகளுமான ஒரு சிதறல். அச்சிதறலைப் பொறுக்கிக் கொள்வதே நடு அடுக்கின் வேலை.

பொறுக்கும் வேலைக்குப் பேராற்றல் வேண்டுவதில்லை. தூளும் சில்லும் வந்து பதியக்கூடிய நார்ப்பரப்பும், அடிபட்ட இடத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்து சத்தியைச் செலவிடும் தன்மையும் இருந்தாற் போதும். இவை தாவர நாரில் நிறைய உண்டு. பிசினோடு நார் மிக இறுகப் பற்றியிருப்பின் தகடு கண்ணாடிபோல் உடையும். சற்றே தளர்வாகப் பற்றியிருப்பின் நார்கள் பிசினிலிருந்து உருவிக்கொண்டு வரும்போதே சத்தி குறையும். நாரின் குறையென்று தளபாடம் செய்வோர் கூறும் இக்குணம் கவசத்திலே ஓரளவு நன்மையாகின்றது.

கொலம்பியாவின் கோப்பிச் சாக்கு

நார்த்தகடு என்பதை அறியாதார்க்கு ஒரு சொல்: மண்சுவருக்கு மண் பிசையும்போது வைக்கோலை நறுக்கிச் சேர்ப்பது போலவே, இறுகும் பிசினுக்குள்ளே நாரையோ நாராலான துணியையோ வைத்து அழுத்திச் செய்வதே அது. பெரும்பாலும் எபொட்சிப் பிசினே பயன்படுகின்றது.

2007 ஆம் ஆண்டில் பெல்சிய நாட்டு லூவென் பல்கலைக்கழகத்தார், ஆளி, சணல், கஞ்சா ஆகிய செடிகளின் நார்களாலான தகடுகளின்மேற் சன்னம் செலுத்திச் சோதித்து, மெல்லிய உருக்குத் தகட்டை முன்னும் பின்னும் சேர்த்தபோது அவற்றின் தடுக்கும் ஆற்றல் நன்கு உயர்ந்ததைக் கண்டனர். மலேசியாவிற் புளிச்சை நாரைக் கெவ்லாரோடு கலந்து ஆய்ந்துள்ளனர். தென்னம் பன்னாடையைக் கெவ்லார் அடுக்குகளோடு சேர்த்து ஆய்ந்தோருமுண்டு. அடுப்பு மூட்ட எடுக்கும் பன்னாடையே அது.

நமக்கு மிக நெருங்கிய ஆய்வு பிரேசில் நாட்டினது. இரியோ டி சனீரோ நகரின் இராணுவப் பொறியியற் கழகத்திலே, செர்ஜியோ நெவெசு மொன்தெய்ரோ தலைமையிலான குழுவினர் 2010 களிலிருந்து பல தாவர நார்களை மேற்சொன்ன மூவடுக்குக் கவசத்தின் நடுவில் வைத்துச் சுட்டுப் பார்த்தனர். ராமி, சிசல், சணல், அன்னாசி இனத்தைச் சேர்ந்த குராவா முதலியன அவை. கெவ்லார் வகை நார் இருந்த இடத்தில் இவற்றை வைத்தபோதும் மெழுகுச் சாந்திலே விழுந்த குழி 44 மில்லிமீற்றருக்கு வெகு கீழே நின்றது. சிலவற்றிற் குழி கெவ்லார் வகையினதற்குச் சமமாகவோ அதனிலும் சிறிதாகவோ இருந்தது. செலவோ பெரிதும் குறைந்தது.

அக்குழுவினர் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் ஃபீக்கே என்னும் நாரும் இடம்பெற்றது. கொலம்பியாவின் மலைப்பகுதிகளில் வளரும் ஃபீக்கே, நம் ஹணச் செடியின் உடன்பிறப்பு; இரண்டும் ஒரே சாதியின் இரு இனங்கள். அந்நாட்டார் அதனாற் கோப்பிக்குச் சாக்கு நெய்கின்றனர். சாக்கு நெய்யும் அதே துணிவகையைப் பிசினில் அழுத்தித் தகடாக்கி வைத்தபோதும் கவசம் சோதனையில் தேறியது. தகட்டின் கனவளவில் நாரின் பங்கு குறைவாக இருந்தால் அடிபட்டவுடன் அது சில்லாகச் சிதறியது. 100 க்கு 30 பங்களவு நார் இருந்தபோது தகடு உருக்குலையாது நின்றது. இரண்டாவது சன்னம் வந்தாலும் தாங்குதற்கு இஃது இன்றியமையாதது.

ஃபீக்கேயின் கதையில் கமக்காரர் அறியவேண்டிய இன்னொரு பகுதியும் உண்டு. 1970 களில் பொலிப்புரோப்பிலீன் சாக்குகள் சந்தைக்கு வந்தவுடன் கொலம்பிய நார்ப் பயிராளரின் விலை வீழ்ந்தது. எமது தோட்டங்களிற் சணற் படங்கு போய்ப் பொலித்தீன் வந்ததும் அதே காற்றினால்தான். கவசத்திலும் இன்று பொலியெதிலீன் நார் போட்டிக்கு நிற்கின்றது. நீரில் மிதக்கும் அளவுக்கு இலேசான அந்நார், ஈரத்தையும் உறிஞ்சாது.

எவ்வளவு நார் வேண்டும்?

இனிக் கணக்குக்கு வருவோம். மார்பை மறைக்கும் தகடு 30 சென்ரிமீற்றர் நீளமும் 25 சென்ரிமீற்றர் அகலமும் உடையது எனவும், அதன் நார் அடுக்கு 1 சென்ரிமீற்றர் தடிப்புடையது எனவும் கொள்வோம். கனவளவு 750 கன சென்ரிமீற்றர். அதில் 100 க்கு 30 பங்கு நாரென்றால் 225 கன சென்ரிமீற்றர். ஹண நார் நீரினும் இலேசானது. ஆகவே எடை 200 கிராமுக்கு மேற்படாது. மார்புக்கும் முதுகுக்குமாக இரண்டு தகடுகளுக்கு 400 கிராம்.

ஆயிரம் வீரருக்கு 400 கிலோகிராம். சீவும்போதும் நெய்யும்போதும் கழியும் நாரையும் சேர்த்து இருமடங்காகக் கொண்டாலும் 800 கிலோகிராம். ஒரு பாரவூர்தியின் பாதிச் சுமைகூட அன்று. ஆயிரம் கவசம் ஒரே முறையில் வாங்கும் அரசாங்கம் அடுத்த சில ஆண்டுகளுக்கு மீண்டும் வாங்காமலும் இருக்கலாம். கவசத்தை நம்பி மலைச்சரிவு முழுவதும் ஹண நடுதல் எத்துணைப் பேதைமை என்பது இக்கணக்கினின்றும் விளங்கும்.

எடையைப் பற்றிய மயக்கமும் தீர்தல் வேண்டும். இலைநார்க் கவசம் பஞ்சுபோல் இலேசானது எனச் சிலர் எண்ணுகின்றனர். மேற்சொன்ன அளவிலே நார் அடுக்கு ஏறக்குறைய 0.8 கிலோகிராம், அதே அளவு கெவ்லார்த் தகடு சுமார் 1 கிலோகிராம். மிச்சமாவது 200 கிராமே. 10 மில்லிமீற்றர் ஓடு மட்டும் 2.9 கிலோகிராம் ஆகும். 5 மில்லிமீற்றர் அலுமினியம் 1 கிலோகிராம். எல்லாம் சேர்ந்த தகடு 5 கிலோகிராமை அணுகும். இரண்டையும் தூக்கி நடப்பவர், ஒரு நேரக் கொழுந்தைச் சுமப்பவர் போலவே மூச்சிரைப்பார். நாரின் சிறப்பு எடையிலன்று, செலவிலே என அறிக.

வீட்டிற் செய்த கவசம் வேண்டா

சாக்கையும் பிசினையும் ஒட்டித் தாமே கவசம் செய்யலாம் எனக் கூறும் படங்கள் கைத்தொலைபேசியில் உலவுகின்றன. மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க இரவில் விழித்திருப்போரும், விறகு பொறுக்கக் காட்டோரம் செல்வோரும் இதனை நம்பிவிடல் ஆகாது. முன்னே கடின ஓடில்லாத நார்த்தகடு துவக்குக்கு முன் தகடே அன்று. மேலும், மலையோரங்களிற் கள்ளமாக வைக்கப்படும் கட்டுத்துவக்குப் பன்றியின் உயரத்துக்குக் குறிவைத்துக் கட்டப்படுவது. அது முழங்காலையும் தொடையையும் தாக்கும். மார்பிலே எதனை அணிந்தும் பயனில்லை. கட்டுத்துவக்கு வைப்பது குற்றம். கம்பியோ நூலோ குறுக்கே கட்டியிருக்கக் கண்டவர் அதனைத் தொடாது விலகிப் பொலிசாருக்கு அறிவித்தலே செய்யத்தக்கது.

கமக்காரர் கையிலுள்ளது தரமே

பிசின், ஓடு, சோதனை ஆகியன ஆய்கூடத்தின் வேலை. நாரின் தரம் மட்டும் இலை வெட்டுபவரின் கையிலே உள்ளது. செயற்கை நார் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போன்றது. இலைநாரோ ஒன்றுபோல் ஒன்று இராது. ஒரே இலையில் அடிப்பகுதி நார் தடித்தும் நுனிப்பகுதி நார் மெலிந்தும் இருக்கும். ஒருவர் உயிரை ஒப்படைக்கும் பொருளில் இவ்வேற்றுமை பொறுக்கத்தக்கதன்று. பாய் நெய்வோரும் கயிறு திரிப்போரும்கூட ஒரே சீரான நாருக்கே நல்ல விலை தருவர். ஆகவே தரம் பேணுதல் எவ்வாற்றானும் வீண்போகாது.

செடி 3 அல்லது 4 ஆண்டு வளர்ந்தபின் அடியிலைகளை முதலில் வெட்டுதல் வேண்டும். நடுக்குருத்தைச் சுற்றியுள்ள இளம் இலைகளை விட்டுவிடுக. வெட்டிய இலையை அன்றே, தவறினால் மறுநாளே சுரண்டிவிட வேண்டும். காலம் தாழ்த்தினாற் சாறு உலர்ந்து பசையாகி நாரோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு கழுவினாலும் நார் வெளுக்காது. சிலர் சுரண்டும் உழைப்புக்கு அஞ்சி இலையை நீரில் ஊறப்போட்டு அழுகவிடுகின்றனர். நாள் கணக்குத் தவறினால் அழுகல் நாரையும் தின்னும். பார்வைக்கு வெள்ளையாக இருக்கும் நார் இழுத்தவுடன் அறும். சுரண்டி எடுப்பதே என் பரிந்துரை.

ஹணச் சாறு தோலை அரிக்கும். கைக்கும் முழங்கைக்கும் உறை அணிந்து வேலை செய்க. கண்ணிற் பட்டால் உடனே நிறைய நீரினாற் கழுவுக.

உலர்த்துவதே மலைநாட்டின் பெருந்துன்பம். வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. அற்றனிலும் நுவரெலியாவிலும் பனிமூட்டம் பகலிலும் கலையாத நாட்கள் பல. நன்கு உலராத நாரைக் கட்டி வைத்தாற் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கும் மேலாக, ஈரமுள்ள நாரோடு பிசின் சேராது. தகட்டுக்குள் குமிழியும் வெடிப்பும் உண்டாகும். பிசினோடு சேருமுன் நாரை அடுப்பில் உலர்த்துவதும், மென்மையான சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலிற் கழுவி மெழுகுப்பூச்சை நீக்குவதும் ஆய்கூட வழக்கம். இக்காரக் கரைசல் கையைச் சுடக்கூடியது. வீட்டில் இதனைச் செய்யற்க. கமக்காரர் செய்யவேண்டியது, கூரையின் கீழ்க் காற்றோடும் இடத்திற் கொடிகட்டி நாரை மெல்லியதாக விரித்து உலர்த்துவதேயாம். தரையில் விரித்தால் மண்ணும் தூசும் ஒட்டும்.

உலர்ந்தபின் சீவி, தடித்த நாரையும் மெல்லிய நாரையும் வெவ்வேறாகக் கட்டுக. மெல்லிய நாரிலே குறைகள் குறைவு. ஆகையால் அதன் பருமனுக்கு அதன் வலிமை கூடுதலாகும். இதனைப் பிரேசில் ஆய்வாளர் பல இலைநார்களில் அளந்து கண்டுள்ளனர். கட்டின்மேல் இலை வெட்டிய நாள், செடியின் வயது, இடம் ஆகியவற்றை எழுதி வைத்தல் நன்று. வாங்குவோர் மீண்டும் அதே தரத்தைக் கேட்கும்போது அவ்வெழுத்தே உதவும்.

எங்கே நடலாம், எங்கே ஆகாது

தேயிலையைப் பிடுங்கி ஹண நடுவதற்கு யாதொரு நியாயமும் இல்லை. தேயிலை ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கூலி தரும். ஹண மூன்று ஆண்டு பார்த்திருக்க வேண்டும். உயர்ந்த மலைகளில் தை, மாசி மாதங்களில் உறைபனி விழும் பள்ளங்கள் இதற்கு ஒவ்வா. நீர் தேங்கும் களிநிலத்திலும் வேர் அழுகும். கொத்மலை, கம்பளை, தும்பறை போன்ற இடைநிலை மலைகளின் கல்லும் சரளையுமான வேலியோரங்களே தக்கன. முள்ளுள்ள இலைகள் மாட்டுக்கு வேலியாகவும் அமையும்.

உயரமும் ஈரமும் மிகுந்த பகுதியினர் ராமியைப் பற்றிக் கேட்கின்றனர். ராமி கவசச் சோதனைகளில் மிக நன்றாகத் தேறிய நார். ஈரலிப்பான காற்றையும் நிறைந்த மழையையும் விரும்புவது. இந்தியாவில் அசாம் மாநிலத்தின் சோர்போக்கில் அதற்கென ஆராய்ச்சி நிலையமே உண்டு. ஆனால் அது ஆழமான வளமுள்ள மண்ணையும் மிகுந்த எருவையும் கேட்கும். பட்டையிலுள்ள பசையைக் காரத்திற் கொதிக்கவைத்தே நீக்க வேண்டும். லீக்சும் கரட்டும் விளையும் மண்ணை அதற்குக் கொடுப்பது இன்றைய நிலையில் இலாபமாகாது என்பதே என் எண்ணம்.

லயத்தில் வாழ்வோர் இன்னொன்றைக் கருதுதல் வேண்டும். 1975 ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 முதல் அவற்றின் நிருவாகம் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் விடப்பட்டது. தோட்ட எல்லைக்குள் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பயிரை நடுவதற்குமுன் நிருவாகத்தின் அனுமதியை எழுத்திலே பெறுக. வாய்ச்சொல்லை நம்பி நட்ட வேலியை, அறுவடைப் பருவத்தில் யார் பெயரிலே வெட்டுவது என்ற வழக்கு எழக் கூடாது. வீட்டுக்கெனக் கிடைத்த 7 பேர்ச்சு நிலத்திலாயின் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு செடி போதும்.

சுரண்டிய சக்கையையும் கழுவிய நீரையும் ஓடையில் விடல் பெருங்குற்றம். இச்சாற்றில் நுரைக்கும் நச்சுப் பொருளுண்டு, மீன்கள் மடியும். ஃபீக்கேச் சாறு கலந்து கொலம்பிய ஆறுகள் கெட்டமை யாவரும் அறிந்ததே. எமது மலைகளிலோ மேலேயுள்ள லயத்தின் கழிவுநீர் கீழேயுள்ள லயத்தின் குடிநீராகின்றது; அவ்வோடைகளே மகாவலியையும் களனியையும் நிரப்புகின்றன. ஓடையிலிருந்து தள்ளிக் குழி வெட்டி அதனுள் கழுவுநீரை விடுக. சக்கையைச் சாணத்தோடும் இலைகுழையோடும் அடுக்கி மக்கவைத்தால் மரக்கறிப் பாத்திக்கு உரமாகும்.

செடி தன் வாழ்நாளில் ஒருமுறையே பூக்கும். நடுவிலிருந்து நெடிய தண்டு எழக் கண்டவுடன் எஞ்சிய இலைகளை வெட்டி நார் எடுத்துக்கொள்க. அதன்பின் அச்செடி பிழையாது. தண்டின் கிளைகளில் நூற்றுக்கணக்கான குமிழ்க்கன்றுகள் தோன்றி உதிரும். அவாயித் தீவுகளிலும் இரேயூனியன் தீவிலும் இக்கன்றுகள் காடுகளிற் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்கிவிட்டன. நுவரெலியாவிலும் ஓட்டன் சமவெளியிலும் ஐரோப்பிய கோர்சுச் செடி பரவியது போன்றதே அது. ஆகையாற் கன்றுகள் முற்றுமுன் தண்டைத் தறித்துவிடுக. நடுவதற்கு வேண்டியவற்றை மட்டும் பொறுக்கி, நாற்றுமேடையில் ஓராண்டு வளர்த்து, மழைக்காலத் தொடக்கத்தில் ஒன்றரை மீற்றர் இடைவெளியில் நடுக. மிகுதியைக் காட்டோரத்தில் எறியாது எரித்துவிடுதல் வேண்டும்.